பழைய அவுட்போர்டு இன்ஜினுக்குப் போல்ட் தேடுவது எப்படி: எந்த மரை, சென்னையில் எந்தக் கடை

பாரிமுனைப் பக்கம் ஒரு போல்ட் நட்டுக் கடையில் நின்று "கால் இஞ்ச் போல்ட் ஒரு டஜன் கொடுங்க" என்று கேட்டால், கையில் வருவது பெரும்பாலும் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரை. படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்களில், பழைய ஜான்சனுக்கும் எவின்ரூடுக்கும் வேண்டியது யு.என்.சி. என்ற அமெரிக்க மரை. இரண்டிலும் இஞ்சுக்கு 20 மரைதான். விரலால் திருகினால் இரண்டுமே உள்ளே போகும். ஆனால் விட்வொர்த்தின் கோணம் 55 டிகிரி, யு.என்.சி.யின் கோணம் 60. ஸ்பேனர் போட்டு இறுக்கும்போது மரையின் பக்கம் முழுசாகப் படியாமல் விளிம்பு மட்டும் பாரத்தைத் தாங்குகிறது. எதிரில் இருப்பது அறுபது வருஷத்து அலுமினியம். இரண்டு தடவை கழற்றி மாட்டினால் துளைக்குள் இருக்கும் மரை பொடியாகி, போல்ட்டோடு சுருண்டு வெளியே வந்துவிடும்.

பழவேற்காட்டிலோ கோவளத்திலோ வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய இன்ஜின்களில் பலவும் பெரிய கோளாறால் ஓரம் கட்டப்பட்டவை அல்ல. தவறான போல்ட் போட்டுத் துளை கெட்டு, ஹெட்டிலோ, தண்ணீருக்குள் இருக்கும் கியர்கேஸிலோ தண்ணீர் கசிந்து நின்றுபோனவை. ஆகவே கடைக்குக் கிளம்புமுன் மரையைத் தெரிந்துகொள்ளுங்கள். அதன்பின், அதே மரை சென்னையில் ஓடும் வேறு எந்த வண்டியில் இருக்கிறது என்று யோசியுங்கள். தேடுவது அப்போதுதான் சுலபமாகும்.

எந்த இன்ஜினில் எந்த மரை

எவின்ரூடு 1909 முதல், ஜான்சன் 1922 முதல். இரண்டும் 1936-ல் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. 1939-ல் தொடங்கிய மெர்குரியும் அமெரிக்க வகைதான். இந்த மூன்றிலும் பழைய மாடல்கள் முழுக்க இஞ்ச் அளவு. 1949-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் சேர்ந்து யு.என்.சி. (கோர்ஸ், பெரிய மரை), யு.என்.எஃப். (ஃபைன், நெருக்கமான மரை) என்ற பொது மரையை ஏற்றுக்கொண்டன. அதற்கு முந்தைய அமெரிக்க மரையும் 60 டிகிரிதான், வழக்கமான அளவுகளில் பிட்சும் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம்) அதேதான். அதனால் 1940-ஆம் ஆண்டு ஜான்சனுக்கு இன்றைய யு.என்.சி. போல்ட் தயக்கமில்லாமல் போடலாம்.

பிரிட்டிஷ் சீகல் வேறு சாதி. 1930-களில் தொடங்கி 1996 வரை வந்த இந்த இன்ஜினில் விட்வொர்த் குடும்பத்து மரைகளும், சின்ன ஸ்க்ரூக்களில் பி.ஏ. என்ற பிரிட்டிஷ் சிறு ஸ்க்ரூ மரையும் வரும். கடைக்காரர் தானாகவே எடுத்து வைக்கும் விட்வொர்த் போல்ட் சரியாகப் பொருந்துவது சீகலுக்கு மட்டும்தான்.

யமஹா, சுசுகி, தொஹாட்சு எல்லாம் மெட்ரிக். எம் 6-க்கு (6 மில்லி விட்டம்) 1 மில்லி பிட்ச், எம் 8-க்கு 1.25. இதில் குழப்பம் இல்லை. ஆனால் 1960-களின் ஜப்பான் இன்ஜின்களில் கார்புரேட்டர், மேக்னெட்டோ பக்கத்துச் சின்ன ஸ்க்ரூக்கள் பழைய ஜப்பான் தரத்தில் இருக்கலாம். அதில் எம் 3-க்கு பிட்ச் 0.6, எம் 4-க்கு 0.75, எம் 5-க்கு 0.9. இன்று கடையில் கிடைப்பது முறையே 0.5, 0.7, 0.8. இரண்டு சுற்று சுலபமாகப் போய் மூன்றாவதில் இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். பலம் கொடுத்துத் திருகினால் கார்புரேட்டர் பாடி போய்விடும்.

இன்னொன்று. எந்தப் பழைய இன்ஜினிலும், முன்பு கை வைத்தவர் ஏதாவது ஒரு துளையை எம் 6 அல்லது எம் 8 டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) விட்டு மாற்றியிருக்கலாம். பக்கத்துத் துளை யு.என்.சி. என்பதற்காக இதுவும் அதுதான் என்று முடிவு கட்ட வேண்டாம். ஒவ்வொரு துளையையும் தனித்தனியாகப் பாருங்கள்.

அளப்பது

வேண்டியது ஒரு வெர்னியர், இரண்டு பிட்ச் கேஜ்: ஒன்று மெட்ரிக், ஒன்று இஞ்ச். இஞ்ச் கேஜில் 55 டிகிரியும் 60 டிகிரியும் தனித்தனி செட் என்பதால் கேட்டு வாங்குங்கள். முதலில் போல்ட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் மரையின் அடி வரை சுத்தம் செய்யுங்கள். உப்பும் பழைய பெயிண்ட்டும் அடைத்திருக்கும் மரையில் கேஜ் பொய் சொல்லும்.

விட்டத்தைத் தேயாத இடத்தில் அளக்க வேண்டும். பெரும்பாலும் தலைக்கு அருகில் இருக்கும் மரைதான் நன்றாக இருக்கும். பழைய போல்ட் பெயரளவை விட 0.1 முதல் 0.2 மில்லி வரை குறைவாகவே காட்டும். கால் இஞ்ச், அதாவது நம் ஆசாரிகள் கணக்கில் 2 நூல், 6.35 மில்லி. வெர்னியரில் 6.2 வந்தால் கால் இஞ்ச்தான், எம் 6 இல்லை. ஐந்தின் கீழ் பதினாறு, அதாவது இரண்டரை நூல், 7.94 மில்லி. இதைத்தான் பலர் எம் 8 என்று நினைத்துவிடுகிறார்கள். 3 நூல் என்றால் 9.5 மில்லி. அதற்குக் கீழே அமெரிக்க ஸ்க்ரூக்களுக்கு நம்பர் உண்டு: நம்பர் 6 என்றால் 3.5 மில்லி, நம்பர் 8 என்றால் 4.17, நம்பர் 10 என்றால் 4.83, நம்பர் 12 என்றால் 5.49.

பிட்ச் கேஜ் இல்லையென்றாலும் வழி இருக்கிறது. போல்ட்டை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்து அழுத்தி எடுங்கள். மரை விழுந்த தடத்தின் மேல் பென்சிலைச் சாய்த்து லேசாகத் தேய்த்தால் கோடுகள் தெரியும். முதல் கோட்டிலிருந்து பதினோராவது கோடு வரை அளந்தால் பத்து பிட்ச். இஞ்சுக்கு 20 மரை என்றால் 12.7 மில்லி வரும். 18 என்றால் 14.1, 16 என்றால் 15.9, 24 என்றால் 10.6, 28 என்றால் 9.1, 32 என்றால் 7.9. மெட்ரிக்கில் எம் 6-க்கு சரியாக 10 மில்லி, எம் 8-க்கு 12.5. விட்டம், பிட்ச் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் போல்ட் எதுவென்று முடிவாகும். ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

மிக மோசமாக ஏமாற்றும் ஜோடி நம்பர் 10-32-ம் (நம்பர் 10 விட்டம், இஞ்சுக்கு 32 மரை) எம் 5-ம். ஒன்று 4.83 மில்லி விட்டம், 0.794 பிட்ச். மற்றது 5 மில்லி, 0.8. 10-32 துளையில் எம் 5 கொஞ்சம் இறுக்கமாகப் போகும், "மரையில் துரு இருக்கிறது போல" என்று நினைத்து முறுக்கிவிடுவோம். துளை எம் 5-ஆக விரிந்துவிடும். பிறகு ஒரிஜினல் ஸ்க்ரூ போட்டால் ஆடும். யமஹாவிலிருந்து கழற்றிய ஸ்க்ரூக்களையும் ஜான்சனிலிருந்து கழற்றியவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு வைப்பவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும்.

யு.என்.சி.யா விட்வொர்த்தா என்ற சந்தேகத்துக்கு ஒரு மலிவான சாட்சி உண்டு: கேமரா ட்ரைபாடின் ஸ்க்ரூ. உலகம் முழுக்க அது 1/4-20 யு.என்.சி. கழற்றிய போல்ட்டின் மரையையும் ட்ரைபாட் ஸ்க்ரூவின் மரையையும் பல்லோடு பல் கோத்து, பின்னால் வெளிச்சம் வைத்துப் பாருங்கள். இடையில் வெளிச்சக் கீற்று தெரியாவிட்டால் அது யு.என்.சி. கீற்று தெரிந்தால் விட்வொர்த்.

நீளம் அளக்கும்போது அறுகோணத் தலைக்கும் சீஸ் ஹெட் என்கிற உருளைத் தலைக்கும் தலையின் அடியிலிருந்து அளக்க வேண்டும். சி.எஸ்.கே. என்கிற பதிந்த தலைக்கு மட்டும் தலையோடு சேர்த்து. துளையின் ஆழத்தை ஒரு சைக்கிள் ஸ்போக் விட்டுப் பார்த்துவிடுங்கள். அலுமினியத்துக்குள் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை மரை பிடிக்க வேண்டும். கால் இஞ்ச் போல்ட்டுக்கு 10 முதல் 12 மில்லி. நீளம் அதிகமானால் போல்ட் அடியில் முட்டிக்கொண்டு இறுகியதுபோல் நடிக்கும், கேஸ்கெட் மட்டும் தளர்வாகவே இருக்கும்.

எங்கே தேடுவது

செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, பிராட்வே சுற்றுவட்டாரத்தில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட், டேப், டை, கேஜ் எல்லாம் கிடைக்கும். கேட்கும்போது "இஞ்ச் போல்ட்" என்று சொல்லாதீர்கள். "யு.என்.சி., 1/4, 20 மரை, ஒரு இஞ்ச் நீளம், 316" என்று சீட்டில் எழுதி நீட்டுங்கள். 316 என்பது எஸ்.எஸ். வகை. சாம்பிள் போல்ட்டும் யு.என்.சி. நட்டு ஒன்றும் பையில் இருக்கட்டும். கடையிலேயே நட்டைப் போட்டுப் பாருங்கள். ஆனால் கால் இஞ்சிலும் மூன்று நூலிலும் விட்வொர்த் போல்ட்டில் யு.என்.சி. நட்டு ஏறிவிடும் என்பதால், கேஜ் வைத்துப் பார்ப்பதுதான் உறுதி. அரை இஞ்சில் மட்டும் குழப்பமே இல்லை: விட்வொர்த்துக்கு 12 மரை, யு.என்.சி.க்கு 13. நட்டு உடனே முரண்டு பிடிக்கும்.

அமெரிக்க மரை போல்ட் தரமாகக் கிடைக்கும் இடம் உண்மையில் வண்டி ஸ்பேர்ஸ் கடை. பழைய மகிந்திரா ஜீப் வில்லிஸ் வழி வந்தது; சேசிஸ், கியர்பாக்ஸ் பக்கமெல்லாம் யு.என்.எஃப்., யு.என்.சி. டாஃபேயின் மேஸி ஃபெர்குசன் டிராக்டரும், பெர்கின்ஸ் வழி வந்த பழைய சிம்சன் டீசல் இன்ஜினும் அப்படியே. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் "ஜீப்புக்கு 5/16 ஃபைன்", "மேஸிக்கு 3/8 கோர்ஸ்" என்று கேட்டால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். யு.என்.எஃப். என்றால் முகம் சுளிக்கும் கடைக்காரர் ஜீப் என்றதும் டிராயரைத் திறப்பார். இவை ஹைடென்சில் ஸ்டீல். இன்ஜினின் உள்பக்கத்துக்கும் பிராக்கெட்டுகளுக்கும் பொருத்தம், தண்ணீருக்குள் இருக்கும் கியர்கேஸுக்குப் பொருத்தமில்லை.

சீகல் வைத்திருப்பவர்கள் பழைய புல்லட் ஸ்பேர்ஸ் கடைக்குப் போக வேண்டும். 1956 முதல் திருவொற்றியூரில் தயாரான புல்லட் பிரிட்டிஷ் வடிவமைப்பு. அதன் பழைய மாடல்களில் பி.எஸ்.எஃப். என்ற பிரிட்டிஷ் ஃபைன் மரையும் இஞ்சுக்கு 26 மரை கொண்ட சைக்கிள் மரையும் கலந்து வரும். இந்த இரண்டையும் கவனித்துப் பிரிக்க வேண்டும்: கால் இஞ்சில் இரண்டுக்குமே 26 மரை, ஆனால் பி.எஸ்.எஃப். 55 டிகிரி, சைக்கிள் மரை 60. ஸ்பேனரிலும் ஒரு வித்தியாசம். விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருக்கும் அளவு போல்ட்டின் விட்டம், தலையின் அகலம் அல்ல. மெட்ரிக் ஸ்பேனரை வைத்துச் சமாளித்தால் தலையின் மூலை மழுங்கும்.

நம்பர் 6-32 ஸ்க்ரூவுக்கு ரிச்சி தெருவுக்குப் போங்கள். கம்ப்யூட்டர் கேபினட்டையும் 3.5 இஞ்ச் ஹார்டு டிஸ்க்கையும் பிடிக்கும் ஸ்க்ரூ அதுதான். சாதாரண இரும்பில் பூச்சு போட்டது, அதனால் மூடிக்குள் இருக்கும் லேசான கிளிப்புகளுக்கு மட்டும்.

கம்பெனி ஸ்பேர் நம்பர் பட்டியல் கிடைத்தால் அதையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மெர்குரி பட்டியலில் 10 என்று தொடங்கும் எண் ஸ்க்ரூ அல்லது போல்ட், 11 நட்டு, 12 வாஷர், 13 லாக் வாஷர், 16 ஸ்டட், 18 காட்டர் பின். எந்த இடத்தில் லாக் வாஷர் இருந்திருக்க வேண்டும், எங்கே இல்லை என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

எந்த உலோகம்

"எஸ்.எஸ்." என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். 202 வகை எஸ்.எஸ். பளபளவென்று இருக்கும், நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம். மெரினாக் காற்றிலேயே சில மாதத்தில் செம்பழுப்புப் புள்ளி விடும். மேல்மூடிக்கு 304 போதும், தண்ணீரில் முங்கும் இடத்துக்கு 316. தலையில் ஏ2-70 என்றிருந்தால் 304 வகை, ஏ4-70 அல்லது ஏ4-80 என்றிருந்தால் 316 வகை. தலையில் எழுத்தே இல்லாத போல்ட்டைக் கடல் வேலைக்கு வாங்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. காந்தம் வைத்துப் பார்ப்பது பாதி சோதனைதான். 304 கூட மரை உருட்டும்போது லேசாகக் காந்தம் ஏறும், 202-ஓ காந்தத்தில் ஒட்டாமலும் இருக்கலாம். பலமாக ஒட்டினால் மட்டும் அது வேண்டாம் என்று ஒதுக்கிவிடலாம். 304-ஐயும் 202-ஐயும் பிரிக்கும் சோதனைத் திரவம் எஸ்.எஸ். கேட், கைப்பிடி செய்யும் பட்டறைகளில் இருக்கும். ஒரு போல்ட்டைக் கொடுத்து ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள்.

எஸ்.எஸ். போல்ட் அலுமினியத்தோடு உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம். வெள்ளைப் பொடி பூத்து, துளைக்குள்ளேயே போல்ட் சிமெண்ட் போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். அதனால் மரை முழுக்கவும் தலையின் அடியிலும் மரைன் கிரீஸ் அல்லது லானோலின் பூசாமல் ஒரு எஸ்.எஸ். போல்ட்டைக்கூட மாட்டக் கூடாது. எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டை உலர்வாக, வேகமாக ஏற்றினாலும் நடு வழியில் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பிறகு அறுப்பதுதான் வழி.

சில இடங்களுக்குக் கடை போல்ட் எதுவும் ஆகாது. கனெக்டிங் ராட் ஸ்க்ரூ, ஃப்ளைவீல் நட்டு, அதன் கீ, இந்த மூன்றுக்கும் ஒரிஜினலோ அதே நம்பருக்கான மாற்றோ மட்டும். ராட் ஸ்க்ரூவில் எஸ்.எஸ். போட்டால் இழுபட்டு நீளும். அறுந்தால் ராட் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். புரொப்பெல்லரின் ஷியர் பின் இதற்கு நேர் எதிர்: அது அறுபடுவதற்காகவே இருக்கிறது. பழைய பின் பித்தளை என்றால் அதே விட்டத்தில் பித்தளைக் கம்பி. "திரும்பத் திரும்ப அறுகிறதே" என்று எஸ்.எஸ். கம்பியை வெட்டிப் போட்டால், அடுத்த தடவை புரொப்பெல்லர் வலையிலோ மணல் திட்டிலோ மாட்டும்போது கியர் பல் போகும். அந்தக் கியர் இன்று எங்கும் கிடைக்காது. சீகலில் பல மாடல்களில் பின்னுக்குப் பதில் ஒரு சுருள் ஸ்பிரிங் அந்த வேலையைச் செய்கிறது. அதையும் இரும்பு பின் வைத்து மாற்றக் கூடாது. படகில் மூன்று உபரி ஷியர் பின்னும் ஆறு காட்டர் பின்னும் எப்போதும் இருக்கட்டும்.

கியர்கேஸ் எண்ணெய் வடிக்கும்போது ஒரு எச்சரிக்கை. கியர் மாற்றும் வசதியுள்ள ஜான்சன், எவின்ரூடில் வடிகால் ஸ்க்ரூ பட்டை வெட்டுள்ள பெரிய தலை. அதன் அருகிலேயே பிளஸ் தலையோடு இன்னொரு ஸ்க்ரூ இருக்கும். அது உள்ளே கியர் மாற்றும் நெம்புகோலைத் தாங்கும் அச்சு. வடிகால் என்று நினைத்து அதைக் கழற்றினால் உள்ளே பாகம் நழுவி, கியர்கேஸையே பிரிக்க வேண்டிவரும்.

உடைந்தது, கெட்டது

இறுகிய போல்ட்டை முதல் நாளே முறுக்காதீர்கள். துருநீக்கி ஆயிலைக் காலையும் மாலையும் விட்டு இரண்டு நாள் ஊறவையுங்கள். பெட்ரோல் டேங்க்கையும் கார்புரேட்டரையும் கழற்றி அப்புறப்படுத்தியபின், ஹீட் கன்னால் போல்ட்டை அல்ல, அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். அலுமினியம் எஸ்.எஸ்.ஸையும் இரும்பையும் விட அதிகம் விரியும், பிடி தளரும். பட்டை வெட்டுள்ள தலைக்குச் சுத்தியால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர், வெட்டு முழுக்க நிறைக்கும் அளவு பிட்டோடு. அடிக்கும் அதிர்விலேயே பாதி விடும். பிறகு கால் சுற்று தளர்த்தி, மறுபடி கால் சுற்று இறுக்கி, ஆயில் விட்டு, இப்படியே முன்னும் பின்னுமாக.

தலை அறுந்து தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்பி, சூடு இருக்கும்போதே திருப்பலாம். மட்டத்தோடு அறுந்திருந்தால் கை டிரில்லால் துளைக்கப் போக வேண்டாம். பிட் வழுக்கி மென்மையான அலுமினியத்துக்குள் போய்விடும். உள்ளே டேப் உடைந்திருந்தால் கட்டாயம் அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் ஸ்பார்க் எரோஷன் செய்யும் பட்டறைக்குத் தூக்கிப் போங்கள். மின்பொறியால் டேப்பை மட்டும் அரித்து எடுத்துவிடுவார்கள், துளை மரை தப்பும்.

மரை போன துளையைப் பெரிதாக்கிப் பெரிய போல்ட் போடுவதை விட, கம்பிச் சுருள் இன்சர்ட் போடுவது நல்லது. ஹெலிகாயில் என்று கேட்டாலே புரியும். 1/4-20-க்கு 6.7 மில்லி துளை, அதற்கென்ற தனி டேப், பிறகு சுருள். அளவு மாறாது, ஒரிஜினல் போல்ட் மறுபடி பொருந்தும், எஸ்.எஸ். மரை அலுமினியத்தை விட உழைக்கும். வெறுமனே அழுக்கு மரையைச் சுத்தம் செய்ய சென்னைத் தயாரிப்பான அடிசன் டேப் ஒன்று யு.என்.சி.யில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக மரை வெட்டுவதாக இருந்தால் 1/4-20-க்கு 5.1 மில்லி டிரில், 5/16-18-க்கு 6.5, 10-24-க்கு 3.8, 10-32-க்கு 4.

எங்கும் கிடைக்காத வடிவத் தலையென்றால் லேத்தில் செய்துவிடலாம். 316 ராடு வாங்கிக் கொடுங்கள். லேத் பட்டறையில் கிடக்கும் துண்டில் செய்யச் சொன்னால் அது எந்த வகை என்று யாருக்கும் தெரியாது. படத்தில் விட்டம், பிட்ச், கோணம் 60, தலை உயரம், மொத்த நீளம் எல்லாம் எழுதுங்கள். ஒன்று செய்யச் சொன்னாலும் மூன்று செய்யச் சொன்னாலும் செட்டிங் நேரம் ஒன்றுதான், அதனால் மூன்றாக வாங்கிவிடுங்கள்.

மாட்டுவது

ஜான்சன், எவின்ரூடுக்கான பொதுவான இறுக்க அளவு: நம்பர் 10 ஸ்க்ரூவுக்கு 25 முதல் 35 இஞ்ச் பவுண்டு, கால் இஞ்சுக்கு 60 முதல் 80, 5/16-க்கு 120 முதல் 140, 3/8-க்கு 220 முதல் 240. நியூட்டன் மீட்டர் டார்க் ஸ்பேனரில் கால் இஞ்சுக்கு 7 முதல் 9 என்று வையுங்கள். கார் மெக்கானிக்கிடம் இருக்கும் பெரிய டார்க் ஸ்பேனர் இந்த அளவில் துல்லியமாகக் காட்டாது. கால் இஞ்ச் டிரைவ் கொண்ட சின்னதுதான் வேண்டும். இந்த இஞ்ச் பவுண்டை ஃபுட் பவுண்டு என்று படித்துவிட்டுப் போல்ட்டை முறித்தவர்கள் நிறைய.

ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளியே, எதிரெதிராக, மூன்று சுற்றில் ஏற்றுங்கள். இன்ஜினை ஒரு டிரம் தண்ணீரில் பத்து நிமிஷம் ஓட்டி, முழுசாக ஆறவிட்டு, அதே வரிசையில் மறுபடி ஒரு சுற்று பாருங்கள். கடலில் ஓடும் இன்ஜினாக இருந்தால், வருஷம் ஒரு தடவை வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கியர்கேஸ் போல்ட்டுகளையும் தண்ணீர் பம்ப் போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, கிரீஸ் புதுப்பித்து, அதே துளையில் திரும்ப மாட்டுங்கள். எந்தத் துளைக்கு எந்த போல்ட் என்பதற்கு ஒரு அட்டையில் கியர்கேஸின் வடிவத்தை வரைந்து, துளைகள் இருக்கும் இடத்தில் ஓட்டை போட்டு, கழற்றும்போதே அதில் குத்தி வைத்துவிடுங்கள்.